கம்ப்யூட்டர் படுத்தாலும் கணக்கு படுக்கக் கூடாது
கடைக்கு ஒரு ஸ்டெப்னி பென் டிரைவ் செய்து வைப்பது எப்படி?



எழுதாத கடனுக்கு அழுதால் தீருமா என்று பெரியவர்கள் சொல்வார்கள். எழுதி வைத்த கணக்கே ஒருநாள் காலையில் காணாமல் போனால் என்ன செய்வது என்பது இன்றைய வணிகரின் கேள்வி. பேரேடும் சிட்டையும் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த காலத்தில் கரையானுக்கும் மழைக்கும் பயந்தோம். இன்று நம் கொள்முதல், விற்பனை, பாக்கி, சரக்கு இருப்பு எல்லாம் ஒரு கைப்பிடி அளவுள்ள ஹார்டு டிஸ்க்கில் அடங்கிவிட்டன. கம்ப்யூட்டர் கிளம்ப மறுத்தால் கடையே நின்றுவிட்டதுபோல் ஆகிறது.

2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு, கம்ப்யூட்டர் வேண்டாம் என்று இருந்தவர்கள்கூட ஒன்று வாங்கி வைத்துவிட்டோம். மாதாந்திரம் தாக்கல் செய்பவர்கள் 11ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-1, 20ஆம் தேதிக்குள் 3பி தர வேண்டும். 3பி தாமதமானால் வரி உள்ள கணக்குக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய், வரி இல்லாத கணக்குக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம். கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி தனி. இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. நம்முடைய ஜி.எஸ்.டி.ஆர்.-1 நேரத்துக்குப் போகாவிட்டால், 14ஆம் தேதி உருவாகும் 2பி பட்டியலில் நம் பில் வாங்கியவருக்குத் தெரியாது. அவருக்கு உள்ளீட்டு வரி வராது. "உங்க பில்லு ஏறலையே" என்று சொல்லி நமக்கு வர வேண்டிய பணத்தை நிறுத்தி வைப்பார். மொத்த வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சட்டமும் இதைப் பற்றிச் சொல்கிறது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி, அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். கணக்கைக் கம்ப்யூட்டரில் வைத்திருப்பவர், விபத்தாலோ இயற்கைக் காரணத்தாலோ அது அழிந்தால் நியாயமான காலத்துக்குள் மீண்டும் எடுத்துத் தரும்படி நகல் வைத்திருக்க வேண்டும் என்று 57ஆம் விதி சொல்கிறது. "கம்ப்யூட்டர் கெட்டுப் போச்சு சார்" என்பது அதிகாரி முன்னால் ஒரு பதிலாகாது.

ஆகவே, எல்லாக் கடையிலும் இருக்க வேண்டிய, சில நூறு ரூபாயில் முடிந்துவிடுகிற ஒரு சிறிய ஏற்பாட்டைப் பற்றி இங்கே விளக்குகிறேன்.

கெட்டது கம்ப்யூட்டரா, விண்டோஸா?

கம்ப்யூட்டர் கிளம்பவில்லை என்றால் எல்லாமே போய்விட்டது என்று நினைத்துவிடுகிறோம். பல சமயங்களில் அப்படி இல்லை. மின்சாரம் திடீரென்று போனது, அப்டேட் பாதியில் நின்றது, வைரஸ் புகுந்தது போன்ற காரணங்களால் விண்டோஸ் என்கிற இயக்க முறைமை மட்டும் கெட்டிருக்கும். மெஷினும் நன்றாக இருக்கும், உள்ளே நம் கணக்கும் அப்படியே இருக்கும். அதைத் திறந்து காட்ட ஆள்தான் இருக்காது.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதைத் தறியை வைத்துச் சொன்னால் எளிதாக விளங்கும். தறியின் மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கிறது. அதில் துளையிட்ட அட்டைகள் கோர்வையாகச் சுற்றி வருகின்றன. கரையில் மயில் வர வேண்டுமா, யாளி வர வேண்டுமா என்பதைச் சொல்வது தறி அல்ல, அட்டைதான். அட்டை கிழிந்து போனால் எந்த நெசவாளரும் தறியை உடைப்பதில்லை. முன்னால் சுருட்டி வைத்திருக்கும் நெய்து முடித்த சேலையை அறுத்து எறிவதும் இல்லை. வேறு அட்டையை மாட்டுகிறார், அவ்வளவுதான். கம்ப்யூட்டரில் மெஷின்தான் தறி. விண்டோஸ் என்பது அட்டை. நம் கணக்கு, நெய்து சுருட்டிய சேலை. "ஃபார்மேட் போட்டாத்தான் சரியாகும்" என்று ஒருவர் சொன்னவுடன் சரி என்று தலையாட்டினால், கிழிந்த அட்டைக்காகச் சேலையை அறுத்ததற்குச் சமம்.

இந்த ஒப்புமை வெறும் பேச்சுக்காகச் சொன்னது அல்ல. பிரான்ஸ் நாட்டு லியோன் நகரத்தில் பட்டு நெசவுக்காக ஜோசப் மேரி ஜக்கார்டு 1804ஆம் ஆண்டில் செய்த பொறியின் துளை அட்டையைப் பார்த்துத்தான், இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் 1830களில் தம்முடைய கணக்கிடும் பொறிக்கும் அட்டையைப் பயன்படுத்தத் திட்டமிட்டார். அந்த வகையில் கம்ப்யூட்டர் தறிக்குத் தம்பி முறை.

மாற்று அட்டைதான் 'லைவ்' பென் டிரைவ்

ஒரு முழு இயக்க முறைமையையும் பென் டிரைவில் ஏற்றி, அதை மாட்டிக் கம்ப்யூட்டரைக் கிளப்பலாம். ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் விண்டோஸைத் தொடாமலேயே திரை வரும், மவுஸ் நகரும், இணையம் வரும், பழைய ஃபைல்கள் தெரியும். இதற்கு 'லைவ்' முறை என்று பெயர். எல்லாம் கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகத்தில் ஓடுவதால், அணைத்துவிட்டுப் பென் டிரைவை எடுத்துவிட்டால் கம்ப்யூட்டர் முன்பு இருந்தபடியே இருக்கும்.

இது புதிதாக வந்த வித்தை அல்ல. 1981இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் பி.சி.யில் ஹார்டு டிஸ்க்கே கிடையாது. பிளாப்பியைப் போட்டுத்தான் கிளப்ப வேண்டும். 'டாஸ்' பிளாப்பியைப் போட்டுவிட்டு 'ஏ' என்று திரையில் வரும்வரை காத்திருந்தது நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸைத் தொடங்கினார். அதை வைத்து ஜெர்மனியின் கிளாஸ் நாப்பர் 2000ஆம் ஆண்டில் 'நாப்பிக்ஸ்' என்ற சி.டி.யைக் கொண்டு வந்தார். சி.டி.யைப் போட்டவுடன் முழு கம்ப்யூட்டரும் ஓடும். 'லைவ் சி.டி.' உலகம் முழுவதும் பரவியது அதிலிருந்துதான். இன்று சி.டி. போய்ப் பென் டிரைவ் வந்திருக்கிறது.

லினக்ஸ் என்றவுடன் அது வெளிநாட்டுப் படிப்பாளிகளுடைய பொருள் என்று நினைக்க வேண்டாம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் 2007இல் 'பாஸ்' என்ற லினக்ஸை வெளியிட்டது. 'பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்' என்பதன் சுருக்கம் அது. சென்னையில் உருவான அது தமிழ் உள்பட இந்திய மொழிகளில் இயங்குகிறது. 2000களின் பிற்பகுதியில் நம் மாநில எல்காட் நிறுவனம் அரசுப் பயன்பாட்டுக்கு லினக்ஸைக் கொண்டு வந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மாணவர் மடிக்கணினித் திட்டத்தில் கொடுத்த மெஷின்களிலும் பாஸ் லினக்ஸ் இருந்தது. நம் வீடுகளில் அந்த லேப்டாப் ஒன்று பரணிலோ பீரோவிலோ கிடக்கும். பிள்ளைகள் அதைத் தொடாமலே விட்டிருக்கலாம். கேரளத்தில் அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் பாடம் நடத்துகின்றன. இவை எல்லாமே இலவசம். லைசென்ஸ் கட்டணம் கிடையாது, நகல் எடுப்பதும் குற்றம் ஆகாது.

வேண்டிய பொருள்கள்

ஒன்று, 16 ஜி.பி. பென் டிரைவ். 8 ஜி.பி. போதும் என்றாலும் விலை வித்தியாசம் அதிகமில்லை. பெயர் தெரிந்த கம்பெனியுடையதாகப் பில்லோடு வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கும் போலிகள் 64 ஜி.பி. என்று காட்டும், உள்ளே அவ்வளவு கொள்ளாது.

இரண்டு, கணக்கை எடுத்து வைக்க இன்னொரு பென் டிரைவ் அல்லது வெளியில் மாட்டும் ஹார்டு டிஸ்க்.

மூன்று, நல்ல நிலையில் ஓடும் ஒரு கம்ப்யூட்டரும் இணையமும். இதைக் கவனிக்க வேண்டும். கம்ப்யூட்டர் நன்றாக இருக்கும்போதே இந்தப் பென் டிரைவைச் செய்து வைக்க வேண்டும். லாரி பஞ்சரான பிறகு ஸ்டெப்னி தேடி அலைந்து பயனில்லை. மாகறல் போன்ற ஊரில் இருப்பவர்கள் கம்ப்யூட்டர் பழுதானால் காஞ்சிபுரத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. நம்மைப் போன்றவர்களுக்கு இது இன்னும் அவசியம்.

செய்யும் முறை

1. முதலில் லினக்ஸை இறக்கிக்கொள்ள வேண்டும். விண்டோஸ் பழகியவர்களுக்கு 'லினக்ஸ் மின்ட்' எளிது. கீழே இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம் என்று பழகிய முகமாக இருக்கும். உபுண்டு, பாஸ் ஆகியவையும் நல்லவை. மின்ட் சுமார் 3 ஜி.பி., உபுண்டு சுமார் 6 ஜி.பி. அளவு வரும். ஒரே ஃபைலாக வரும், அதன் பெயர் 'ஐ.எஸ்.ஓ.' என்று முடியும். அந்தந்த அமைப்பின் சொந்த இணையத்தளத்திலிருந்து மட்டுமே இறக்குங்கள்.

2. இறக்கியது அசல்தானா என்று சரி பார்க்க வேண்டும். லோடு வந்து இறங்கினால் எடைச்சீட்டோடு ஒத்துப் பார்க்காமல் யாரும் குடோனில் அடுக்குவதில்லை. இதற்கும் ஓர் எடைச்சீட்டு உண்டு. ஒவ்வொரு ஃபைலுக்கும் 'ஷா-256' என்று 64 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரியைத் தளத்தில் கொடுத்திருப்பார்கள். நம்மிடம் வந்த ஃபைலுக்கும் அதே வரி வர வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு சரக்கு. 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் தளத்துக்குள்ளேயே திருடர்கள் புகுந்து, கள்ள வழி வைத்த ஃபைலை அசலின் இடத்தில் மாற்றி வைத்துவிட்டார்கள். அமைப்பினரே அதைக் கண்டுபிடித்து அறிவித்தார்கள். ஆகவே இந்த வேலையைச் சோம்பலால் விட்டுவிடக் கூடாது.

3. 'ரூஃபஸ்' என்ற சிறிய இலவச மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்குங்கள். பீட் பட்டார்ட் என்பவர் 2011இல் வெளியிட்டது. இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை, திறந்தாலே வேலை செய்யும்.

4. பென் டிரைவில் ஏற்கெனவே இருக்கும் படங்கள், ஃபைல்கள் எல்லாவற்றையும் வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள். அடுத்து வரும் வேலையில் பென் டிரைவ் முழுவதும் அழிந்துவிடும். பேக்கப் ஹார்டு டிஸ்க் மாட்டியிருந்தால் அதைக் கழற்றி வைத்துவிட்டுத் தொடங்குங்கள். தவறான டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பே இருக்கக் கூடாது.

5. ரூஃபஸைத் திறந்தால் மேலே 'டிவைஸ்' என்ற இடத்தில் பென் டிரைவின் பெயரும் அளவும் தெரியும். அளவைப் பார்த்து நம்முடையதுதானா என்று உறுதி செய்யுங்கள். 'செலக்ட்' பொத்தானை அழுத்தி ஐ.எஸ்.ஓ. ஃபைலைக் காட்டுங்கள். பக்கத்தில் இருக்கும் சரி குறியை அழுத்தினால் மேலே சொன்ன 64 எழுத்து வரி வரும். தளத்தில் உள்ளதோடு ஒத்துப் பாருங்கள்.

6. மற்ற அமைப்புகளை அப்படியே விட்டு 'ஸ்டார்ட்' கொடுங்கள். ஏதாவது கேட்டால் 'ரெகமெண்டட்' என்று போட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். பென் டிரைவ் அழியும் என்று எச்சரிக்கும். மறுபடி ஒருமுறை பெயரைப் பார்த்துவிட்டு 'ஓ.கே.' கொடுங்கள். சில நிமிடங்களில் பச்சைக் கோடு முழுவதும் ஓடி 'ரெடி' என்று வரும். வேலை முடிந்தது.

ஐ.எஸ்.ஓ. ஃபைலைச் சும்மா காப்பி செய்து பென் டிரைவில் போட்டால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். அப்படிச் செய்தால் கிளம்பாது. கம்ப்யூட்டர் மின்சாரம் வந்தவுடன் டிஸ்க்கில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் தொடக்க நிரலைத் தேடும். அந்த இடத்தில் அதை முறைப்படி வைத்துத் தருவதுதான் ரூஃபஸின் வேலை.

கிளப்பும் முறை

கம்ப்யூட்டரை அணைத்து, பென் டிரைவை மாட்டி, ஆன் செய்தவுடன் 'பூட் மெனு' பட்டனை விடாமல் தட்டுங்கள். டெல், லெனோவோ மெஷின்களில் பெரும்பாலும் எஃப் 12. ஹெச்.பி.யில் எஃப் 9. அசூஸ் டெஸ்க்டாப்பில் எஃப் 8, லேப்டாப்பில் எஸ்கேப். பட்டியல் வரும். அதில் பென் டிரைவின் பெயரைத் தேர்ந்தெடுத்து என்டர் கொடுங்கள். வேகம் குறைந்த பென் டிரைவாக இருந்தால் சில நிமிடங்கள் ஆகும், பொறுமையாக இருங்கள்.

உபுண்டு ஆரம்பத்திலேயே 'ட்ரை', 'இன்ஸ்டால்' என்று இரண்டு வழி கேட்கும். 'ட்ரை' என்பதையே எடுக்க வேண்டும். மின்ட் நேராகத் திரைக்கு வந்துவிடும், அங்கே 'இன்ஸ்டால்' என்று ஒரு படம் இருக்கும். அதைத் தொடவே கூடாது. தொட்டு, கேட்பதற்கெல்லாம் சரி என்று சொல்லிக்கொண்டே போனால் ஹார்டு டிஸ்க் அழியக்கூடும். கடைப் பையன்களுக்கு இதை முதலிலேயே சொல்லி வையுங்கள்.

செய்து முடித்த அன்றே ஒருமுறை கிளப்பிப் பார்த்துவிடுவது நல்லது. கடையில் இரண்டு மெஷின் இருந்தால் இரண்டிலும் பாருங்கள். எந்தப் பட்டன் என்பதை ஒரு சீட்டில் எழுதிப் பென் டிரைவோடு கட்டிவிடுங்கள்.

கணக்கை எடுப்பது

லைவ் முறையில் திரை வந்த பிறகு, ஃபைல்கள் என்ற படத்தைத் திறந்தால் இடது பக்கம் ஹார்டு டிஸ்க்கின் பகுதிகள் தெரியும். இரண்டாவது பென் டிரைவையும் மாட்டுங்கள். டாலி பயன்படுத்துபவர்கள் டாலி உறைக்குள் 'டேட்டா' என்ற உறையைத் தேடுங்கள். உள்ளே எண்களையே பெயராகக் கொண்ட உறைகள் இருக்கும். ஒவ்வோர் எண்ணும் ஒரு கம்பெனிக் கணக்கு. இதில் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்க வேண்டாம், 'டேட்டா' உறையை முழுதாகவே காப்பி செய்யுங்கள். பிறகு 'டாக்குமெண்ட்ஸ்', 'டெஸ்க்டாப்', 'டவுன்லோட்ஸ்' ஆகியவற்றில் உள்ள எக்ஸல் ஃபைல்கள், பில் நகல்கள், வங்கி அறிக்கைகள். காப்பி முடிந்ததும் பென் டிரைவை 'எஜெக்ட்' கொடுத்த பிறகே பிடுங்க வேண்டும்.

எங்கள் கடையில் சென்ற ஆண்டு ஒரு மாதம் 10ஆம் தேதி மாலை பில் போடும் கம்ப்யூட்டர் ஓர் அப்டேட்டுக்குப் பிறகு 'ரிப்பேர்' என்று காட்டிக் காட்டித் திரும்பத் திரும்ப அணைந்தது. வந்து பார்த்த சர்வீஸ்காரர் ஃபார்மேட் செய்யச் சொன்னார், டேட்டாவுக்குத் தாம் பொறுப்பில்லை என்றும் சொன்னார். முன்கூட்டியே செய்து வைத்திருந்த பென் டிரைவைப் போட்டோம். அரை மணி நேரத்தில் கணக்கு முழுவதும் இன்னொரு பென் டிரைவுக்கு வந்துவிட்டது. அதை ஆடிட்டர் அலுவலகத்துக்குக் கொண்டு போய் அவருடைய டாலியில் திறந்து, மறுநாள் 11ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்.-1 தாக்கல் ஆனது. ஃபார்மேட் வேலையை அடுத்த வாரம் நிதானமாகச் செய்துகொண்டோம். இப்படி வேறிடத்தில் திறக்கும்போது, அங்கே நம்முடைய டாலி பதிப்போ அதைவிடப் புதியதோ இருக்க வேண்டும் என்பதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

வேறு பயன்கள்

பழைய கம்ப்யூட்டர் வாங்கும்போது: சென்னை ரிச்சி தெருவிலோ வேறு எங்கோ பயன்படுத்திய மெஷின் வாங்கினால், விற்பவர் காட்டும் திரையை மட்டும் நம்ப வேண்டாம். நம் பென் டிரைவைப் போட்டுக் கிளப்பி, கீபோர்டு, ஒலி, வைஃபை எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்க்கலாம். 'டிஸ்க்ஸ்' என்ற பகுதியில் ஹார்டு டிஸ்க்கின் ஆரோக்கியமும் தெரியும்.

பழைய மெஷினுக்கு மறுவாழ்வு: விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. பழைய மெஷின்கள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. உடனே புதிது வாங்க முடியாதவர்கள், பில் போடத் தேவைப்படாத இரண்டாவது மெஷினில் லினக்ஸ் சரிப்பட்டு வருமா என்று இன்ஸ்டால் செய்யாமலே பென் டிரைவில் ஓட்டிப் பார்க்கலாம். பரணில் இருக்கும் அரசு லேப்டாப்புக்கும் இது பொருந்தும்.

வங்கி வேலைக்கு: வைரஸ் ஏறியிருக்குமோ என்று சந்தேகம் உள்ள கம்ப்யூட்டரில் நெட் பேங்கிங் திறக்க வேண்டாம். விண்டோஸ் கிளம்பாமல் லைவ் முறையில் ஓடும்போது, அதில் ஒளிந்திருக்கும் கடவுச்சொல் திருடும் நிரலும் ஓடாது. 2009இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் பிரையன் கிரெப்ஸ், வங்கிக் கணக்கில் பணம் பறிகொடுத்த சிறு நிறுவனங்களைப் பற்றி எழுதியபோது இந்த யோசனையைத்தான் சொன்னார். ஆனால் போலித் தளத்தில் நாமே கடவுச்சொல்லை அடித்தாலோ, போனில் ஓ.டி.பி. சொன்னாலோ எந்தப் பென் டிரைவும் காப்பாற்றாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

இதனால் ஆகாதவை

பொருளின் குணத்தைச் சொன்னால் குறையையும் சொல்ல வேண்டும்.

டாலி லினக்ஸில் நேரடியாக ஓடாது. நம் பில் பிரிண்டரும் ஓடும் என்று உறுதியில்லை. இது ஸ்டெப்னி, அடுத்த பஞ்சர் கடை வரைக்கும் போகத்தான். எக்ஸல் ஃபைல்களை மின்ட், உபுண்டுவில் உள்ள 'லிப்ரே ஆபீஸில்' திறக்கலாம். ஓ.டி.பி. மூலம் ரிட்டர்ன் தாக்கல் செய்பவர்கள் ஜி.எஸ்.டி. தளத்தையும் திறக்கலாம். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் பயன்படுத்தும் கம்பெனிகள் விண்டோஸ் மெஷினையே நாடுவது நல்லது.

ஹார்டு டிஸ்க்கே பழுதாகி 'டக் டக்' என்று சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். ஓட ஓடச் சேதம் அதிகமாகும். அதை டேட்டா மீட்கத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும். பணம் கேட்டு ஃபைல்களைப் பூட்டும் வைரஸ் வந்திருந்தால், இன்னும் பூட்டாமல் இருக்கும் ஃபைல்களை எடுக்கலாமே தவிர, பூட்டியதை இது திறக்காது. 2017 மே மாதம் 'வான்னாகிரை' வைரஸ் உலகம் முழுவதும் பரவியபோது, கம்ப்யூட்டரோடு இணைக்காமல் தனியாக நகல் வைத்திருந்தவர்களால் ஃபைல்களை மீட்க முடிந்தது.

புதிய மெஷின்களில் 'பிட்லாக்கர்' என்ற பூட்டு தானாகவே போடப்பட்டிருக்கலாம். அப்படியானால் லைவ் முறையில் ஹார்டு டிஸ்க்கைத் திறக்க 48 இலக்கச் சாவி கேட்கும். அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கம்ப்யூட்டர் நன்றாக இருக்கும்போதே அதை எடுத்துக் காகிதத்தில் எழுதி, பத்திரம் வைக்கும் இடத்தில் வையுங்கள். கடையில் யார் பெயரில் அந்தக் கணக்கு திறந்தார்கள் என்பதே பல பேருக்குத் தெரியாது. வேலையை விட்டுப் போன பையன் பெயரில் இருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பிட்லாக்கர் பூட்டு இல்லாத கம்ப்யூட்டரை, விண்டோஸ் பாஸ்வேர்டு தெரியாமலேயே இந்தப் பென் டிரைவால் திறந்துவிடலாம். நமக்கு முடிகிற காரியம் திருடனுக்கும் முடியும். ஆகவே பாஸ்வேர்டு இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடாமல், கணக்கு உள்ள கம்ப்யூட்டரைக் கல்லாவைப் போலவே பூட்டி வைக்க வேண்டும்.

பென் டிரைவ் இருக்கிறது என்று பேக்கப்பை விடக் கூடாது

லைவ் பென் டிரைவ் ஆபத்துக்கு உதவுவது. தினசரிப் பாதுகாப்பு என்பது பேக்கப்தான். கல்லாவை எண்ணி மூடும்போதே டாலியில் பேக்கப் எடுப்பதையும் ஒரு வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். இரண்டு பென் டிரைவை மாற்றி மாற்றிப் பயன்படுத்தி, ஒன்று கடையில் இருந்தால் மற்றொன்று வீட்டில் இருக்கட்டும். தீயோ வெள்ளமோ திருட்டோ இரண்டு இடத்திலும் ஒரே நாளில் வருவது அபூர்வம். மாதம் ஒருமுறை அந்த பேக்கப்பை வேறு கம்ப்யூட்டரில் திறந்து, கடைசி பில் எண் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப், பிரித்துப் பார்க்காத மூட்டைக்குச் சமம்.

ஆயுத பூஜையன்று தராசுக்கும் படிக்கும் பேரேட்டுக்கும் பொட்டு வைக்கிற நாம், கம்ப்யூட்டருக்கும் வைக்கிறோம். அந்த நாளையே வருடாந்திரச் சோதனை நாளாக வைத்துக்கொள்ளலாம். லைவ் பென் டிரைவில் புதிய பதிப்பை ஏற்றி, ஒருமுறை கிளப்பிப் பார்த்து, மறுபடி உறையில் போட்டு வைத்தால் அடுத்த ஆண்டு வரை கவலையில்லை.

வீட்டில் படிக்கும் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இருந்தால் இந்தப் பக்கத்தை அவர்களிடம் கொடுங்கள். ஒரு மணி நேரத்தில் செய்து தந்துவிடுவார்கள். பக்கத்துக் கடைக்காரருக்கும் ஒன்று செய்து கொடுக்கச் சொல்லுங்கள். அவர் கணக்கு நேரத்துக்குப் போனால்தான் அவரிடம் வாங்குகிற நமக்கும் உள்ளீட்டு வரி நேரத்துக்கு வரும்.

— மாகறலிலிருந்து ஒரு மொத்த வணிகர்